நிற்க வேண்டிய நீரும் இறங்க வேண்டிய நீரும்

(ஊராட்சிப் பெருமக்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)

 

மழை பெய்வது நம் கையில் இல்லை. பெய்த மழையை வைத்துக் காப்பதும் வீணாக்குவதும் நம் கையில்தான் இருக்கின்றன. நம் மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றைத் தவிர ஊருணிகள், குளங்கள், குட்டைகள், பண்ணைக் குட்டைகள் எண்ணிலடங்கா. இவற்றைத் தூர் வாருவதைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் தூர் வாரிய குளத்தில் நீர் நிற்குமா என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. இன்று அதைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

கிழக்குக் கடற்கரையை அடுத்த ஓர் ஊருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தோம். அங்கே கிணற்று நீர் உப்பு. குடிப்பதற்கு உள்ளது ஊருணி ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பினால் சித்திரை வரையில் தாங்கும் ஊருணி அது. ஊரார் ஒன்றுகூடி, நல்லெண்ணத்தோடு, இயந்திரம் கொண்டு அதை ஆழப்படுத்தினார்கள். மேலே இருந்த வண்டல் வயல்களுக்குப் போயிற்று. அதன் கீழே நீலம் பாய்ந்த வழவழப்பான களிமண் வந்தது. வீட்டு மனைகளை மேடாக்க அது நல்ல மண் என்று அதையும் வண்டி வண்டியாக எடுத்தார்கள். அதற்கும் கீழே மணல் தெரிந்தது. ஆழம் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அவ்வாண்டு மழை குறைவில்லாமல் பெய்தது, ஊருணியும் நிரம்பிற்று. ஆயினும் தை மாதம் பிறப்பதற்குள் அடிமணல் தெரிந்துவிட்டது! பெண்கள் குடம் ஏந்தி அடுத்த ஊருக்கு நடந்தார்கள். பாத்திரம் துலக்கப் போய் அடியில் ஓட்டை விழச் செய்தது போன்ற கதை இது. பழி எவர்மீதும் இல்லை. மண்ணின் இயல்பை அறியாததே குறை.

முதற் கேள்வி

ஆகவே, மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நீர்நிலையில் நீர் நிற்க வேண்டுமா, கீழே இறங்க வேண்டுமா?

குடிநீர் ஊருணியில் நிற்க வேண்டும். மீன் வளர்க்கும் குளத்தில் நிற்க வேண்டும். உயிர்ப் பாசனத்துக்காக வெட்டிய பண்ணைக் குட்டையில் நிற்க வேண்டும். நெல் வயலில், பயிர் விளையும் வரையில், நிற்க வேண்டும். ஆனால் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுப்பதற்கென்றே வெட்டப்படும் கசிவுநீர்க் குட்டையில் நீர் நின்றால் அது நோய், இறங்கினால்தான் ஆரோக்கியம். பாசன ஏரியோ இரண்டும் கலந்தது. அதன் அடியில் இறங்கும் நீர் வீண் அன்று. கீழே உள்ள கிணறுகளில் அது நமக்கே திரும்பி வருகிறது. ஆதலால், 'கசிவு கெட்டது' என்றோ 'கசிவு நல்லது' என்றோ பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இன்ன இடத்தில் என்று சொல்ல வேண்டும்.

வண்டலும் இப்படியே. கசிவுநீர்க் குட்டையின் தரையில் படியும் மெல்லிய வண்டல் அதன் வாயை அடைத்துவிடுகிறது. கோடைதோறும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதே வண்டல் ஊருணியின் அடியில் படிந்தால் காவலாக நிற்கிறது. ஓரிடத்தில் பகைவன், மற்றோரிடத்தில் நண்பன்.

நீர் எவ்வாறு இறங்குகிறது?

மணலின் ஒரு துகள் 2 மில்லிமீட்டர் வரை பருமன் உள்ளது. களிமண்ணின் துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது; தட்டையானது. மணலில் துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள சந்துகள் அகலமானவை. நீர் தடையின்றி இறங்கும். நன்கு நனைந்த பின்னும் மணலில் ஒரு மணி நேரத்துக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் நீர் இறங்கும். களிமண்ணில் 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் இறங்கும். அக்களியையே மிதித்துப் பிசைந்து இறுக்கினால் அதனினும் மிகக் குறைந்துவிடும்.

பிரான்சு நாட்டில் டிஜோன் நகரத்துக் குடிநீர் வேலைகளைக் கவனித்த டார்சி என்ற பொறியாளர் 1856ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டார். மேலே நிற்கும் நீரின் உயரம் கூடினால் கசிவும் கூடும்; நடுவே உள்ள மண்ணின் கனம் கூடினால் கசிவு குறையும் என்பது அதன் சாரம். ஊருணிக்கு நேர்ந்ததை இதைக்கொண்டு புரிந்துகொள்ளலாம். ஆழப்படுத்தியதால் நீரின் உயரம் கூடிற்று. களியை எடுத்ததால் தடுக்கும் மண்ணின் கனம் போயிற்று. இரு வகையிலும் கசிவை நாமே வளர்த்துவிட்டோம்.

இது சிறிய நஷ்டம் அன்று. ஓர் ஏக்கர் பரப்புள்ள குளத்தில் நாள் ஒன்றுக்கு 10 மில்லிமீட்டர் நீர் கசிந்தால் 40,000 லிட்டர் போகிறது. ஒரு மாதத்தில் அது 12 லட்சம் லிட்டர்!

இயற்கை காட்டும் வழிகள்

கசிவை அடைக்கும் வித்தையை மனிதனுக்கு முன்பே இயற்கை அறிந்திருக்கிறது. சற்றே சுற்றிப் பார்ப்போம்.

எருமை புரளும் பள்ளத்தைப் பாருங்கள். மழை விட்டுப் பல நாள் சென்ற பின்னும் அதில் நீர் நிற்கிறது. பக்கத்துப் பள்ளம் காய்ந்துவிடுகிறது. எருமையின் எடையும் குளம்பும் ஈர மண்ணைப் பிசைகின்றன. கட்டிகள் உடைந்து, தட்டையான களித் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, சந்துகள் அடைபடுகின்றன. ஆப்பிரிக்கக் காடுகளில் யானைகள் புரளும் பள்ளங்களும், அமெரிக்கப் புல்வெளிகளில் காட்டெருமைகள் புரண்ட பள்ளங்களும் இப்படியே நீர்க் குட்டைகளாயின.

நம் உழவர்கள் செய்யும் சேற்றுழவு இதே வித்தைதான். நீர் கட்டி, உழுது, மிதித்து, பரம்படிக்கும்போது களைகள் மட்டும் அமுங்குவதில்லை. வயலின் அடியும் அடைபடுகிறது. ஆண்டாண்டாக உழவு நடந்த நன்செயில் ஒரு சாணுக்குக் கீழே இறுகிய தளம் ஒன்று இருக்கும். தண்ணீரைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். அந்தத் தளத்தை ஆழ உழுது உடைத்துவிட்டால் அடுத்த பருவத்தில் எத்தனை முறை நீர் பாய்ச்சினாலும் போதாது என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள்.

கறையான் களிமண்ணைத் தேர்ந்தெடுத்து, உமிழ்நீரில் குழைத்துப் புற்றுக் கட்டுகிறது. அப்புற்றுமண்ணைக் கொண்டுவந்து களமும் திண்ணையும் மெழுகியவர்கள் நம் முன்னோர்.

களர் நிலத்தை எண்ணிப் பாருங்கள். மழை பெய்தால் நாட்கணக்கில் கலங்கல் நீர் தேங்கும், கீழே இறங்காது. அங்குள்ள சோடிய உப்பு, களித் துகள்களைத் தனித்தனியே பிரித்துவிடுகிறது. பிரிந்த துகள்கள் சந்துகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. ஜிப்சம் இட்டு அதை நாம் சீர்திருத்துகிறோம். மேலைநாடுகளில் இதே குணத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தி, களிப்பாங்கான மண்ணில் வெட்டிய குட்டைகளின் அடியில் சோடா உப்புக் கலந்து கசிவை அடைக்கிறார்கள். நிலத்துக்கு நோயாக உள்ளது குட்டைக்கு மருந்தாகிறது. ஆயினும் பாசனத்துக்கு நீர் எடுக்கும் குட்டையில், மண்ணைச் சோதித்து அதிகாரிகளின் ஆலோசனை பெறாமல், இதைச் செய்யலாகாது.

இன்னும் ஒன்று. நெல் வயலில் நீர் நிற்கும்போது சேற்றைத் தோண்டினால் நீலச் சாம்பல் நிறம் தெரியும். காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் தழையையும் எருவையும் மக்கச் செய்யும்போது உண்டாகும் மாற்றம் அது. அப்போது உண்டாகும் பசை போன்ற பொருள் மண்ணின் சந்துகளை அடைக்கிறது. இத்தகைய மண்ணை ரஷ்ய நாட்டுக் குடியானவர்கள் 'கிளே' என்று அழைத்தார்கள். அச்சொல்லையே மண்ணியல் அறிஞர்களும் எடுத்துக்கொண்டார்கள். ரஷ்யாவில் மீன் குளங்களின் அடியை இம்முறையால் அடைத்தார்கள்.

வட நாடுகளின் மணற்பாங்கான காடுகளில் இலைச் சருகுகளிலிருந்து வடியும் அமிலம், மேல்மண்ணில் உள்ள அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே அவை உறைந்து இறுகிய அடுக்காகின்றன. இதைப் பின்பற்றி, அலுமினிய உப்பையும் மக்கிய பொருளையும் மணலில் சேர்த்துச் சந்துகளை அடைக்கும் முறையை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள். யூரியாவைச் சிதைக்கும் ஒருவகை நுண்ணுயிரைக்கொண்டு மணலுக்குள்ளேயே சுண்ணாம்பை உறையச் செய்யும் ஆராய்ச்சியும் பல நாடுகளில் நடந்திருக்கிறது. அதில் அம்மோனியாவும் உண்டாவதால் குடிநீருக்கு அருகில் செய்ய எச்சரிக்கை வேண்டும். இவை இன்று நம் ஊராட்சி கையாளக் கூடியவை அல்ல. ஆனால் எருமைப் பள்ளம் சொல்லும் பாடத்தை இக்கால விஞ்ஞானமும் படித்துக்கொண்டிருக்கிறது என்பதை அறிவது நமக்கு ஊக்கம் தரும்.

நாம் செய்யக்கூடியவை

முதலில் சோதனை. குட்டை வெட்ட நினைக்கும் இடத்தில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். அதிகாலையில் விளிம்பு வரை நீர் ஊற்றுங்கள். மாலைக்குள் கொஞ்சம் இறங்கிவிடும். மீண்டும் நிரப்பி, தழைகளால் மூடிவையுங்கள். மறுநாள் காலையில் பெரும்பகுதி நீர் நின்றால் அந்த மண் நீர் தாங்கும். போய்விட்டால் அடியை அடைக்காமல் அங்கே குட்டை வெட்டுவது பணத்தைப் புதைப்பதற்கு ஒப்பாகும்.

ஏற்கெனவே உள்ள குளத்தில் கசிவை அளக்கவும் எளிய வழி உண்டு. மழை இல்லாத நாட்களில், யாரும் நீர் எடுக்காதபோது, ஆழமில்லாத இடத்தில் ஓர் அகன்ற பாத்திரத்தை அசையாமல் நிறுத்தி, உள்ளே வெளிநீரின் மட்டத்துக்கு நீர் ஊற்றுங்கள். பக்கத்தில் அளவு குறித்த ஒரு குச்சியை நடுங்கள். சில நாள் கழித்துப் பாருங்கள். பாத்திரத்தில் குறைந்தது வெயில் குடித்தது. குளத்தில் அதற்கு மேல் குறைந்தது மண் குடித்தது. வெயில் குடிப்பதை மண் வேலையால் தடுக்க முடியாது. மண் குடிப்பதைத் தடுக்க முடியும்.

அடுத்து, களிப் படுகை போடுதல். நல்ல களி உள்ள இடத்திலிருந்து மண் கொண்டுவந்து, கல், வேர், சருகு நீக்கி, பக்கச் சரிவுகளிலும் அடியிலும் பரப்ப வேண்டும். 3 மீட்டர் வரை நீர் நிற்கும் குட்டைக்கு, இறுக்கிய பின் 30 சென்டிமீட்டர் கனமாவது வேண்டும். ஒரே தடவையில் கொட்டி மிதித்தால் மேல் மட்டும் இறுகும். அடி பொலபொலப்பாக நிற்கும். ஆகையால் 15 சென்டிமீட்டர் அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே திமிசுக் கட்டையால் இடித்தோ, மாடுகளை ஓட்டி மிதிக்கச் செய்தோ இறுக்க வேண்டும். ஈரம் எவ்வளவு? கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். கையில் நீர் கசியக் கூடாது. 20 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள அடித்தளத்துக்கு மட்டும் 120 கன மீட்டர் இறுகிய களி வேண்டும். இதைக் கணக்கிட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மாடுகளை ஓட்டுவது நாட்டுப்புறத்து வழக்கம் என்று யாரும் எளிதாக நினைக்க வேண்டா. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் படகுக் கால்வாய்களை வெட்டிய காலத்தில் களியை நீர் விட்டுப் பிசைந்துதான் அடியை அடைத்தார்கள். ஈரக் களியின்மேல் கால்நடைகளை ஓட்டி மிதிக்கச் செய்ததும் உண்டு.

களிக்குப் பகை வெயில். காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பின் வழியே முதல் மழை நீர் முழுவதும் இறங்கிவிடும். கரிசல் மண்ணில் இது மிகுதி. ஆதலால் களிப் படுகையின்மேல் ஒரு சாண் சாதாரண மண்ணைப் பரப்பி மூடுங்கள். வேலையை மழைக்குச் சற்று முன் முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

அருகில் களி கிடைக்காவிடில் பென்டனைட் என்ற கனிமக் களி கடைகளில் கிடைக்கிறது. ராஜஸ்தானத்திலும் கட்ச் பகுதியிலும் அது வெட்டி எடுக்கப்படுகிறது. நீர் பட்டால் பல மடங்கு ஊதும் தன்மையுள்ளது. மண்ணுக்குத் தக்கபடி சதுர மீட்டருக்கு 5 முதல் 15 கிலோ வரை கலந்து இறுக்க வேண்டும். செலவு மிகுதி ஆதலால் சிறு குட்டைகளுக்கே ஏற்றது.

பாசனத்துக்கும் மீனுக்கும் உரிய சிறு குட்டைகளில் எருவும் தழையும் கொண்டு அடைக்கும் முறையைச் செய்து பார்க்கலாம். குட்டையைச் சுத்தம் செய்து, தரையெங்கும் சாணத்தைக் குழைத்து இடைவெளி இல்லாமல் பூசுங்கள். அதன்மேல் வாழை இலை, புல், பசுந்தழை ஆகியவற்றை அடுக்குங்கள். அதற்கு மேல் மண்ணைப் பரப்பி, நனைத்து, நன்றாக மிதியுங்கள். இரண்டு மூன்று வாரங்கள் ஈரம் காயாமல் வைத்திருந்து, பிறகு மெல்ல நீர் நிரப்புங்கள். காற்றுப் புகாமையே இதன் உயிர். அடுக்கு கிழிந்து காற்றுப் பட்டால் பயன் போய்விடும். குடிநீர் ஊருணியில் மட்டும் இதை ஒருநாளும் செய்யக் கூடாது. சாணம் கலந்த நீர் நோயைக் கொண்டுவரும்.

கரையில் கசிவு

இதுவரை சொன்னது குளத்தின் அடியைப் பற்றியது. கரையில் கசிவு என்பது உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான செய்தி. அதைத் தனியே மனத்தில் கொள்ள வேண்டும்.

நண்டு வளை, எலி வளை, வெட்டிய மரத்தின் மக்கிய வேர் ஆகியவை கரைக்குள் குழாய் வைத்தாற்போன்றவை. கோடையில் கரையை நடந்து பார்த்து, வளைகளை முழுதும் தோண்டித் திறந்து, ஈரக் களியை அடுக்கடுக்காக இட்டு இடித்து அடைக்க வேண்டும். வாயை மட்டும் மண்ணால் மூடிவிட்டு வந்தால் உள்ளே வழி அப்படியே இருக்கும்.

மழைக்காலத்தில் கரையின் வெளிப்புறம் நீர் கசிந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நீர் சிறிதாகக் கசிந்தால் கவனித்து வரலாம். கலங்கல் நீர் வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். உடனே நீர்வளத் துறை அதிகாரிகளுக்கும் வருவாய் அதிகாரிகளுக்கும் செய்தி அனுப்பி, கீழே உள்ள மக்களை எச்சரிக்க வேண்டும். அப்போது பலர் செய்யும் தவறு, வெளிப்புறத்தில் களியை அப்பி அடைப்பது. அடைத்த நீர் உள்ளேயே அழுத்தம் கூடி வேறிடத்தில் பிளந்துகொண்டு வரும். வெளிப்புறத்தில் முதலில் மணலும் அதன்மேல் சரளையும் இட வேண்டும். நீர் வெளியேறட்டும், மண் வெளியேறாதிருக்கட்டும். ஊற்றுப் போல் கொப்பளித்தால் சுற்றிலும் மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி உள்ளே நீர் மட்டம் உயரும்படி செய்ய வேண்டும். களியால் அடைக்கும் வேலை, நீர் நிற்கும் உட்புறத்துக்கு உரியது. உட்புறம் களி, வெளிப்புறம் மணல்: இந்த நான்கு சொற்களை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தால் ஒரு கரையையாவது காப்பாற்றலாம்.

கிராம சபையில் ஒரு வேண்டுகோள்

மார்ச் 22ஆம் நாள், உலக நீர் நாளன்றும், நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. கோடையில் தூர் வாரும் வேலைகளுக்குச் சற்று முன் வரும் நாள் அது. அன்று ஊர்ப் பெரியவர்களை முன்வைத்து, ஊரின் ஒவ்வொரு நீர்நிலையின் பெயரையும் எழுதி, எதிரே மூன்று குறிப்புகளைப் பதிவு செய்யுங்கள். நீர் நிற்க வேண்டியதா, இறங்க வேண்டியதா? வண்டல் எத்தனை அடி, அதன் கீழே களி எத்தனை அடி? களியின் கீழே இருப்பது மணலா, பாறையா, உப்பு நீரா?

இரண்டாவது, மூன்றாவது குறிப்புகளை அறிய வேலை தொடங்குமுன் நாலைந்து இடங்களில் சிறு துளையிட்டுப் பார்த்தால் போதும். பார்த்தபின் துளைகளைக் களியால் இறுக அடைத்துவிடுங்கள். வண்டலை எடுங்கள், அது வயலுக்குச் செல்வம். களி தெரிந்தவுடன் நிறுத்துங்கள். அது ஊருணியின் அடிப்பாத்திரம். இயந்திரம் ஓட்டுபவர் வெளியூர்க்காரர். எங்கே நிறுத்துவது என்பதை அவர் அறியமாட்டார். அருகில் நின்று சொல்ல வேண்டியவர் உள்ளூர்க்காரர்.

முதலில் சொன்ன ஊருணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறு கோடையில் ஊரார் மீண்டும் கூடினார்கள். அடுத்த கிராமத்துக் கண்மாயின் புறத்திலிருந்து, அனுமதி பெற்று, களி கொண்டுவந்தார்கள். அடுக்கடுக்காகப் பரப்பி, இரண்டு வாரம் மாடுகளைக் கொண்டு மிதித்தார்கள். மனை மேட்டுக்குக் களி கொண்டுபோனவர்களே முன்னின்று வண்டி ஓட்டினார்கள். அவ்வாண்டு நீர் பங்குனி வரையில் நின்றது. முன்போல் சித்திரையைத் தொடவில்லை. இயற்கை பல தலைமுறைகளாகப் படியவிட்ட களியை ஒரு கோடையில் திருப்பித் தந்துவிட முடியாது. ஒவ்வொரு மழையிலும் வண்டல் சிறிது படிகிறது. இன்னும் சில ஆண்டுகளில் பழைய நிலை வரும் என்று ஊரார் பொறுமையோடு காத்திருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் அந்தக் காத்திருப்பு நேராதிருக்கட்டும். நிற்க வேண்டிய நீரை நிறுத்துவோம். இறங்க வேண்டிய நீருக்கு வழி விடுவோம்.